ஏன் கையை உள்ளே விட்டாய்?

போன மாதம் ஜெனிபர் போன் செய்தாள். ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியின் ஆம்புலன்ஸ் ரூமில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் அவள்தான். நல்ல பெண். ஊசி போட்டால் வலி தெரியாது. "அக்கா, பெங்களூர்லேருந்து ஒருத்தர் வந்து எங்களுக்கு ரெண்டு நாள் ட்ரெயினிங் எடுத்தாருக்கா. அடிபட்டவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு. சூப்பரா இருந்துச்சு" என்றாள். அவர் திரையில் போட்டுக் காட்டியதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் இருந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அடிபட்டவரின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குரலைத் தாழ்த்துங்கள். கையைத் தொட்டுப் பேசுங்கள். 'ஆமாம்' என்று பதில் வருகிற மாதிரி கேள்வி கேளுங்கள்.

"இதெல்லாம் நீங்க அந்தக் காலத்துலயே பண்ணுவீங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்கக்கா. அடுத்த தடவை நீங்க வந்து ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்றாள்.

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. எனக்கு அதைவிட அதிகமாகப் பொங்கியது. பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது, அவளிடம் எரிந்து விழுவதற்கு? ஆனால் அந்தப் படத்தில் இருந்த ஐந்து வரியையும் ஒன்று விடாமல் செய்த மனிதர் ஒருவரோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் என்ன நடந்தது என்று அரை மணி நேரத்தில் சொல்ல முடியாது. மைக் பிடித்துச் சொன்னால் நடுவில் கத்திவிடுவேன். எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. மத்திகிரிப் பக்கம் பிறந்தவள். எங்கள் தெருவில் தமிழ், பக்கத்துத் தெருவில் கன்னடம், கிணற்றடியில் தெலுங்கு என்று வளர்ந்ததால் மூன்றும் வாயில் வரும். ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் நர்ஸிங் படித்தேன். அங்கே கற்றதில் கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் போக ஒன்று நினைவில் நிற்கிறது. எங்கள் மேட்ரன் யாரையும் இடுப்பில் கை வைத்து நிற்க விடமாட்டார். "படுத்திருக்கிறவனுக்கு நீ ஏற்கெனவே பனைமர உயரம்டி, இன்னும் என்ன இடுப்புல கை?" என்பார். படிப்பு முடிந்து கல்யாணம் ஆகி, கணவருக்கு சிப்காட்டில் வேலை கிடைத்த இரண்டாம் வருடம் நானும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அடித்துக் கொடுக்கும் கம்பெனி. நாள் முழுக்க பவர் பிரஸ் தகட்டின் மேல் இறங்கும் சத்தம். என் அறையில் மருந்து பாட்டில்கள்கூட மெல்ல நகர்ந்து அலமாரியின் ஓரத்துக்கு வந்துவிடும்.

அடிபட்டு வருகிறவர்களுக்கு முதலுதவி, பிறகு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, இது என் வேலை. இதற்கு நடுவில் ஒரு ரிஜிஸ்டர். நீளமான பச்சை அட்டை போட்ட நோட்டு. பெயர், டோக்கன் நம்பர், எந்த மெஷின், எந்த இடத்தில் காயம். கடைசியில் அகலமாக ஒரு கட்டம்: "விபத்து எப்படி நடந்தது? (தொழிலாளியின் சொந்த வார்த்தைகளில்)". அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவர் சேதுராமன் சார்.

அவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. சேலத்துக்காரர். இவரைப் பற்றி நான் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்களுக்கு இவர் ஒரு வில்லன் மாதிரியே தெரியமாட்டார். குரல் உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. அடிபட்டவன் என் அறைக்கு வந்த ஐந்தாவது நிமிடம் வந்துவிடுவார். வாசலில் நின்று கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மூலையில் கிடக்கும் மர ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கட்டிலின் பக்கத்தில் போடுவார். அந்த ஸ்டூல் கட்டிலைவிடத் தாழ்வு. ஆக, படுத்திருப்பவன் கொஞ்சம் மேலே, அதிகாரி கொஞ்சம் கீழே. அடிபடாத கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொள்வார். பாகலூர்க்காரன் என்றால் கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்பார். பேரிகைப் பக்கம் என்றால் தெலுங்கில் கேட்பார். சாப்பிட்டாயா என்று ஒரு பெரிய அதிகாரி கீழே உட்கார்ந்து கேட்டால் எவனுக்குத்தான் கண் கலங்காது? ரத்தத்தைப் பார்த்து அழாதவன் அந்தக் கேள்வியில் அழுவான்.

பிறகுதான் கேள்வி வரும். "கையை எடுக்கறதுக்குள்ள மெஷின் எறங்கிடுச்சு, அப்படித்தானேப்பா?" அவன் ஆமாம் என்பான். "வேற யாரும் பக்கத்துல இல்லை. நீயே பண்ணிக்கினு இருந்தே. கொஞ்சம் அவசரம், இல்லியா?" அதற்கும் ஆமாம் என்பான். வலியில் கிடப்பவன் வாயில் கேள்வியும் பதிலும் சேர்த்தே ஊட்டப்படும். சார் என் பக்கம் திரும்பி, "அவர் சொன்னதை அப்படியே எழுதிடுங்க சிஸ்டர். ஒரு வார்த்தை மாத்த வேணாம்" என்பார். நானும் எழுதுவேன். 'அவசரத்தில் கையை எடுக்கத் தவறிவிட்டேன்.' கீழே அவன் கைநாட்டோ கையெழுத்தோ, அதற்குக் கீழே என் கையெழுத்து. எத்தனை வருடம் இப்படி எழுதினேன்! அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று வீட்டில் கணவரிடம் சொல்லியும் இருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒருநாள் அவர் என்னிடம், "சிஸ்டர், நான் வர்றதுக்கு முன்னாடி முதல் கேள்வியை நீங்களே கேட்டுடுங்க. வெள்ளை டிரெஸ் போட்ட பொம்பளைகிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க. நாங்க கேட்டா பயப்படறாங்க" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து முதல் கேள்வி என்னுடையது.

இங்கே எங்கள் பக்கத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. இங்கே பெரியவர் ஒருவர் முகம் சுளித்தால் எதிரில் இருப்பவர் முதலில் "தப்பாயிருச்சுங்க" என்று சொல்லிவிடுவார். தமிழ் வீட்டில் தப்பாயிருச்சு, கன்னட வீட்டில் தப்பாய்த்து, தெலுங்கு வீட்டில் தப்பைந்தி. பஸ்ஸில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிட்டு அவரே முறைத்தாலும் நீங்கள்தான் சொல்வீர்கள். சொன்னால் அவர் முகம் இளகும், நீங்கள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிப் போவீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி ஒரு மரியாதை, அவ்வளவுதான். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை ரிஜிஸ்டரில் எழுதினேன். அதுவும் மஞ்சுளாவின் வார்த்தையை.

மஞ்சுளா பாகலூர்ப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ். கான்ட்ராக்டில் சேர்ந்து பிரஸ் லைனில் இரண்டாம் வருடம். தலைவலி மாத்திரைக்கு என் அறைக்கு வருவாள். மாத்திரை ஒரு சாக்கு, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள். வீட்டில் அப்பா கிடையாது, அம்மாவுக்கு மூட்டு வலி. அந்த லைனில் ஆறு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், பட்டியலில் தன் பெயரும் இருக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பர்மனென்ட் ஆயிட்டா சீருடையில பேரு தைச்சுக் குடுப்பாங்களாம்க்கா" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். நான் பெற்ற இரண்டும் பையன்கள்.

காலை ஷிப்ட், டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பாக்யா என்ற பெண்ணும் இன்னொருத்தியும் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். வலது கையில் மெஷின் துடைக்கும் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை. கையைத் தூக்கிப் பிடித்து, அழுத்திக் கட்டி, சலைன் ஏற்றி, எல்லாம் கை தானாகச் செய்தது. டிரைவரைத் தேடப் போயிருந்தார்கள். பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் அவளைத் திட்டினேன்.

"ஏன் புள்ள கையை உள்ள வுட்ட? கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! உங்கம்மா மூஞ்சியில நான் எப்படிடி முழிப்பேன்?"

பெற்ற மகளைத் திட்டுவது மாதிரிதான் திட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். "தப்பாயிருச்சுக்கா. என் தப்புதான்க்கா" என்றாள்.

வாசலில் அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த சேதுராமன் சார் காதில் அந்த வார்த்தை விழுந்தது. அவர் ஸ்டூலைப் போட்டார், இடது கையைப் பிடித்துக்கொண்டார், சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்டார். அன்றைக்கு அவர் கேள்விகூடக் கேட்கவில்லை. வேலையை நான் முடித்துவைத்திருந்தேன். "சிஸ்டர்கிட்ட சொன்னியே, அதுதானேம்மா?" என்றார். அவள் தலையசைத்தாள். "அப்படியே எழுதிடுங்க சிஸ்டர்." எழுதினேன். 'கவனமில்லாமல் கையை உள்ளே விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.' வலது கையால் அவள் கையெழுத்துப் போட முடியாதே. இடது கைப் பெருவிரலில் மை தடவி நான்தான் ஒற்றி எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து பாக்யா வயிற்று வலி என்று வந்தாள். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அந்த மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. "ரெண்டு கையும் வச்சா லேட்டாவுதுன்னு சூப்பர்வைசர் ஒரு பட்டன்ல அட்டையை மடிச்சு வச்சு டேப் ஒட்டிட்டாரு சிஸ்டர். ஒரு வாரமா அப்படித்தான் ஓடுது. அவ இடது கையால மட்டும் அழுத்துனா. வலது கை பீஸ் வைக்கிறதுக்கு உள்ள இருந்துச்சு. அன்னிக்கு டீ முடியறதுக்குள்ள அட்டையைப் பிச்சுட்டாங்க."

ஏன் கையை உள்ளே விட்டாய் என்று கேட்டேனே தவிர, மெஷின் ஏன் இறங்கியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். என் அறையிலிருந்து அந்த மெஷினுக்கு எண்பது தப்படி. அன்றைக்கே, டீ முடிவதற்குள் போய்ப் பார்த்திருந்தால் அட்டை அங்கேயே ஒட்டியிருந்திருக்கும்.

சேதுராமன் சாரிடம் போய்ச் சொன்னேன். "உட்காருங்க சிஸ்டர்" என்றார். உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டார், நடுவில் பேசவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். "உங்க மனசு எனக்குப் புரியுது. விசாரணையில சொல்லுங்க" என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார். எனக்கு அரைப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அவரிடம் போய்விட்டு வந்த எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

விசாரணை மூன்று வாரம் கழித்து. மஞ்சுளா பாதுகாப்பு விதியை மீறினாளா என்பதுதான் விஷயம். மீறினாள் என்று முடிவானால் நிரந்தரப் பட்டியலில் இருந்து பெயர் போகும், வேலையும் போகும். ஆபீஸ் மாடியில் ஒரு அறை. நீள மேஜையின் ஒரு பக்கம் மூன்று பேர்: வெளியிலிருந்து வந்த வக்கீல், பர்சனல் ஆபீசர், சேதுராமன் சார். எதிர்ப்பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அதில் மஞ்சுளா நுனியில் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். என்னை மேஜையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள், அவர்கள் பக்கத்தில். அந்த நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை.

வக்கீல் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"தப்பு என்னுடையதுன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா?"

"சொன்னா சார். ஆனா..."

ஆனா என்று நான் ஆரம்பித்தவுடன் சேதுராமன் சார் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். "சிஸ்டருக்குத் தொண்டை கட்டியிருக்கு. தண்ணி குடிச்சுட்டு மெதுவா சொல்லுங்க." நான் குடித்தேன். கொடுத்தால் குடிக்காமல் இருப்பது மரியாதை இல்லையே! நான் டம்ளரை வைப்பதற்குள் வக்கீல் எழுதி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். பட்டனில் அட்டை இருந்ததாம் சார் என்று இடையில் சொன்னேன். "நேர்ல பார்த்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப அது கேள்விப்பட்டது." சேதுராமன் சார் என்னைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். "ரொம்ப நன்றி சிஸ்டர். உங்களுக்கு அங்க பேஷண்ட் காத்திருப்பாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த மேஜையைத் தட்டியிருக்க வேண்டும். பாக்யாவைக் கூப்பிடுங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். நான் "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மூன்று மொழி தெரிந்த எனக்கு அன்றைக்கு வாயில் வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். பின்னால் வக்கீல் மஞ்சுளாவிடம் வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பதும், அவள் இல்லீங்க சார் என்பதும் காதில் விழுந்தது. பாக்யாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டாள், நிரந்தரப் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது.

இன்ஷூரன்ஸ் வழியாக வர வேண்டியது அவளுக்கு வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். வேலை போயிற்று. 'கவனக்குறைவினால் பாதுகாப்பு விதியை மீறியவர்' என்று அச்சடித்த கடிதம் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சிப்காட்டில் எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பாள்? அட்டை ஒட்டிய சூப்பர்வைசர் அடுத்த வருடம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆனான்.

அதற்குப் பிறகு நான் "ஏன்" என்று யாரையும் கேட்டதில்லை. திட்டுவதையும் விட்டேன். பர்கூர்க்காரர் ஒருவர், ஐம்பது வயது, உள்ளங்கை கிழிந்து வந்தார். வந்தவுடனே வழக்கம்போல "தப்பாயிருச்சு சிஸ்டர்" என்றார். "அதை வுடுங்கண்ணா. எந்த மெஷினு, அதை மட்டும் சொல்லுங்க" என்றேன். கட்டுப் போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மெஷினுக்குப் போனேன். செக்யூரிட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பாதுகாப்புத் தகடு கழற்றிச் சுவரில் சாத்தியிருந்தது. அதைத்தான் முதல் வரியாக எழுதினேன், செக்யூரிட்டியிடம் கையெழுத்தும் வாங்கினேன். அன்று சாயந்திரமே கேபினுக்கு அழைப்பு வந்தது.

"உட்காருங்க சிஸ்டர்."

"பரவாயில்ல சார்."

"நீங்க நின்னா நான் எப்படிப் பேசறது?"

"அதுக்குத்தான் சார் நிக்கிறேன்."

பதினெட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் என்ன பேசுவது என்று தெரியாத ஒரு வினாடியைப் பார்த்தேன். உடனே சுதாரித்துக்கொண்டார். "பசங்க என்ன படிக்கறாங்க? ரெண்டு பேருமா? செலவு ஜாஸ்தி இருக்குமே. இந்த நேரத்துல வேலையில பிரச்சனை எல்லாம் எதுக்கு உங்களுக்கு? அக்கறையாத்தான் சொல்றேன்." தேன் ஒழுகிற்று. ஆனாலும், "அப்ப நீங்களே எழுதிக்குங்க சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒரு நர்ஸ் நோட்டோடு மெஷின் மெஷினாகப் போய் நிற்பது லைனில் யாருக்கும் பிடிக்கவில்லை, அதனால் டேப் ஒட்டுவது கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான் நான் சாதித்தது. மஞ்சுளாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சேதுராமன் சார் ஓய்வு பெற்ற அன்று கேன்டீனில் விழா. பேசிய ஒவ்வொருவரும், "சார் யார்கிட்டயும் சத்தமா ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றார்கள். விரல் போனவர்கள்கூட வந்து மாலை போட்டார்கள். நானும் கை தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்க முடியவில்லை. இப்போது நினைத்தாலும் அந்தக் கை தட்டலுக்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு பாக்யாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மஞ்சுளாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் எண்ணம். பாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால் ஒரு ரோஜாப்பூப் பண்ணை. பிளாஸ்டிக் கூரை போட்ட நீளக் கொட்டகைகள். ஓரத்தில் பூவைத் தரம் பிரித்துக் கட்டும் இடம். பத்துப் பதினைந்து பெண்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவளை முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை, உடம்பு பூசியிருந்தது. கையை வைத்துத்தான் தெரிந்தது. பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ரோஜாக் காம்புகளை இடுக்கி இருபது இருபதாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைவிட வேகம்.

"ஐயோ, ஸ்டெல்லாக்கா!" என்று ஓடி வந்து ஈரக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தாள். அம்மா இறந்துபோனதைச் சொன்னாள். கல்யாணம் ஆனது, வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுவது எல்லாம் சொன்னாள். வேலையை நிறுத்தாமலே பேசினாள்.

அப்போது தள்ளுவண்டியில் பூ ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஆள் திரும்பும்போது அவள் பக்கத்தில் இருந்த வாளியை இடித்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். தண்ணீரும் பூவும் தரையெல்லாம் ஆனது. சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் வந்தார். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி நின்றார்.

"தப்பாயிருச்சு சார்" என்றாள் மஞ்சுளா. அவர் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயா கவுத்த? அவன்தானே வண்டியால இடிச்சான்! நீ ஏன்டி தப்புன்னு சொல்ற?"

"அதனால என்னாக்கா?" குனிந்து பூவைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "சொல்லலைன்னா இங்கியே நின்னுகினு இருப்பாரு. சொன்னா போயிடுவாரு. நமக்கு வேலை ஆவணுமில்ல?"

அந்த ஒரு நிமிடத்துக்காகவே அவ்வளவு தூரம் வந்த மாதிரி இருந்தது எனக்கு. கேட்டுவிட்டேன். "அன்னிக்கும் அதனாலதான் சொன்னியா மஞ்சு? சேதுராமன் வந்து உக்காந்துகினு கேட்டாரே, அவரு எழுந்து போவட்டும்னு?"

அவள் நிமிர்ந்தாள்.

"அவரு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேனேக்கா. உங்ககிட்டதானே சொன்னேன்." பொறுக்கிய பூவை வாளியில் போட்டாள். "நீங்க என் கையைத் தூக்கிப் புடிச்சுகினு திட்டிகினே இருந்தீங்க. பாத்தா உங்க கண்ணுல தண்ணி கொட்டுது. எனக்கு பயமா போச்சு, இந்தக்காவே இப்படி அழுவுறாங்களேன்னு. உங்களை சமாதானம் பண்ணத்தான் அப்படிச் சொன்னேன்."

நான் அழுததே எனக்கு நினைவில்லை. மன்னிப்புக் கேட்காமலே அவளோடு குனிந்து தரையில் மிச்சமிருந்த பூவைப் பொறுக்கினேன். இத்தனை வருடம் சேதுராமனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன், இனியும் திட்டுவேன், அவர் அதற்குத் தகுதியானவர்தான். ஆனால் இரண்டு விரல் போய்க் கட்டிலில் கிடந்தவள் எனக்குச் சொன்ன ஆறுதலை, அவளுடைய வாக்குமூலம் என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டது நான்.